பொன்மலையில் பாதியில் நின்ற பாட்டு

நான் முதன்முதலாகப் பார்த்த எல்விஸ் பிரெஸ்லி பனைமரம் மாதிரி நெட்டையாக, ஒல்லியாக இருந்தார். 1964-இல், பொன்மலை ரயில்வே காலனித் திடலில், இரண்டு மூங்கில்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணியில், ஒரு சனிக்கிழமை ராத்திரி அவர் வந்தார். வந்தவரின் முகம் நீண்டு, தோள்கள் ஒடுங்கி, கால்கள் முடிவில்லாமல் கீழே போய்க்கொண்டிருந்தன. கார் சக்கரங்கள் முட்டை வடிவத்தில் உருண்டன. இசைத்தட்டும் முட்டையாகத்தான் சுழன்றது. யாராவது கட்டிலில் படுத்தால் மட்டும் சட்டென்று குட்டையாகித் தடித்துப்போனார்கள். சினிமாஸ்கோப் படத்தை அகலவாட்டில் நெருக்கித்தான் ஃபிலிமில் பதித்திருப்பார்கள், அதை விரித்துக் காட்ட ஒரு தனி லென்ஸ் வேண்டும், வாடகைக்கு வந்த அந்த 16 எம்.எம். புரொஜெக்டரோடு அது வரவில்லை என்பதெல்லாம் 14 வயதுப் பையனுக்கு எங்கே தெரியும்? அமெரிக்காவில் ஆட்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று முழுமனதோடு நம்பினேன். நாற்பது வருஷம் கழித்து அதே படத்தை அதன் சரியான அகலத்தில் பார்த்தபோது, அகன்ற தோளோடு அளவான உயரத்தில் ஒரு இளைஞர் வந்து நின்றார். அவரை அடையாளம் கண்டுகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இன்றைக்கும் கண்ணை மூடினால் வருவது அந்த நெட்டை எல்விஸ்தான்.

படத்தின் பெயர் ‘ஜெயில்ஹவுஸ் ராக்’. எல்விஸ் நடித்த மூன்றாவது படம். 1957-இல் எம்.ஜி.எம். நிறுவனம் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. எங்கள் திடலுக்கு வந்துசேர ஏழு வருஷம் பிடித்தது, அதை யாரும் தாமதம் என்று நினைக்கவில்லை. அன்றைக்கு வெளியூரிலிருந்து ஏதாவது வந்தால் போதும், எப்போது கிளம்பியது என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பாட்டு மட்டும் படத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு எதிர் லைனில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன. அதில் ஒரு வீட்டு ஆன்ட்டியின் கணவர் மெயில் வண்டி டிரைவர்; வாரத்தில் பாதி நாள் எஞ்சினோடு போய்விடுவார். முன்னறையில் ஒரு ரெக்கார்ட் பிளேயர், அதன்மேல் ஆன்ட்டியே பின்னிய லேஸ் துணி. சாயங்காலம் ரேடியோ சிலோனின் ஆங்கில ஒலிபரப்பு முடிந்ததும் ஆன்ட்டி இசைத்தட்டு போடுவார். நான் வேலியோரமாக நிற்பேன். “என்ன மேன், வெளிய நிக்கிற? உள்ள வா. தட்டுல மட்டும் கை வைக்காத” என்பார். ஊசி தட்டில் இறங்கியதும் முதலில் ஒரு கரகரப்பு கேட்கும். அந்தக் கரகரப்புக்கும் பாட்டுக்கும் நடுவே வருகிற அரை நொடியில் எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்யும். இப்போது விரலால் தொட்டவுடன் பாட்டு வந்துவிடுகிறது, சுத்தமாக, ஒரு கீறல் இல்லாமல். அந்த அரை நொடியைத்தான் எங்கேயும் காணோம்.

அந்தப் பாட்டு கிட்டாரும் டிரம்மும் சேர்ந்து ஜோடி ஜோடியாக அடிக்கிற அடியோடு தொடங்கும். அடி, இடைவெளி, மறுபடியும் அடி. ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அப்பா அந்த வேலியோரம் நின்று கேட்டார். அவர் ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் ஷாப் ஃபிட்டர். இங்கிலீஷ் பாட்டு அவருக்கு வேண்டாத சமாச்சாரம். ஆனால் அன்றைக்குத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “இது பட்டறை அடிடா. ஒருத்தன் கைச்சுத்தி, ஒருத்தன் சம்மட்டி” என்றார். அவ்வளவுதான், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா சொன்னது எத்தனை சரி என்பது எனக்குத் தெரியவந்தபோது அவர் இல்லை. டிரம் வாசித்த டி.ஜே. ஃபான்டானா, கைதிகள் சங்கிலியோடு கல்லுடைக்கிற சத்தத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்த அடியைப் பிடித்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதற்கும் அடியில் இன்னொரு சத்தம் இருக்கிறது. வெர்டியின் ‘இல் ட்ரோவத்தோரே’ என்ற இசை நாடகத்தில் பட்டறைக்கல்லில் சம்மட்டி விழுகிற ஓசையோடு ஒரு கோரஸ் வரும். 1940-களில் ஸ்விங் வாத்தியக் குழுக்கள் அதை எடுத்து வாசித்தன. அந்த ஸ்விங் வாசிப்பின் நினைவிலிருந்துதான் இந்தத் தொடக்கம் பிறந்தது. இத்தாலியப் பட்டறையிலிருந்து அமெரிக்க வானொலிக்குப் போய், அங்கிருந்து ஹாலிவுட் சிறைச்சாலைக்குப் போய், பொன்மலைக்கு வந்த அந்த அடியை, வந்த வழி எதுவும் தெரியாமல், காதை மட்டும் வைத்து என் அப்பா பட்டறை என்று சொன்னார். இதை அவரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பாட்டை எல்விஸே எழுதி, எல்விஸே மெட்டமைத்து, எல்விஸே ஆடுவதற்கும் யோசித்தார் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். திரையில் ஒருவர்தானே தெரிகிறார். எழுதியவர்கள் இரண்டு பேர்: ஜெரி லீபர் வரிகளுக்கு, மைக் ஸ்டாலர் மெட்டுக்கு. 1957 வசந்தத்தில் அவர்கள் நியூயார்க்கில் ஹோட்டல் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். படத்தின் கதை எழுதிய தாள்கள் அறை மூலையில் கிடக்க, இவர்கள் ஜாஸ் கிளப்புகளையும் நாடகங்களையும் பார்த்துத் திரிந்தார்கள். பாட்டு வெளியீட்டாளர் ஜீன் ஏபர்பாக் ஒருநாள் அறைக்கு வந்து, பாட்டு எங்கே என்று கேட்டார். இல்லை. அவர் சத்தம் போடவில்லை, சோபாவை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு, அதிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். பாட்டு கைக்கு வராமல் யாரும் வெளியே போக முடியாது. அன்று மாலைக்குள், சில மணி நேரத்தில், நான்கு பாட்டுகள் பிறந்தன. அந்த நான்கில் ஒன்றுதான் ஆன்ட்டி வீட்டுத் தட்டில் சுழன்றது. பரீட்சைக்கு முந்தின நாள் அம்மா என்னை அறைக்குள் வைத்து வெளியே தாழ்ப்பாள் போடுவார். நான் எழுதியது எதுவும் ஊர் தாண்டவில்லை, ஆனால் அந்த அறையின் புழுக்கமும், வேறு வழியில்லை என்று ஆனபிறகு மனம் திடீரென்று ஓடத் தொடங்குகிற விதமும் எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த இரண்டு பேர் மேலும் எனக்கு இத்தனை பிரியம்.

ஸ்டாலரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1956 ஜூலையில் ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது அவர் வந்த ‘ஆண்ட்ரியா டோரியா’ கப்பல் வேறொரு கப்பலோடு மோதி அட்லாண்டிக்கில் மூழ்கியது. தப்பிப் பிழைத்து நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியவரிடம், கரையில் காத்திருந்த லீபர் சொன்ன சேதி: நாம் எழுதிய ‘ஹவுண்ட் டாக்’ பெரிய வெற்றி, எல்விஸ் பிரெஸ்லி என்று ஒரு பையன் பாடியிருக்கிறான். உயிர் பிழைத்து வந்தவருக்கு முதல் வரவேற்பாக ஒரு பாட்டுச் சேதி. அதற்குப் பத்து மாதம் கழித்து, இதே ‘ஜெயில்ஹவுஸ் ராக்’ படத்தில் அவரே முகம் காட்டினார். பியானோக்காரராக நடிக்க முதலில் அழைத்தது லீபரைத்தான். அவருக்குப் பல்வலி, அதனால் ஸ்டாலர் போனார். தாடியைச் சிரைத்துக்கொண்டு வரச்சொன்னார்கள். பெயர் கூடப் போடவில்லை. பொன்மலைத் திடலில் நான் அவரைப் பார்த்திருக்கிறேன், பியானோ முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் ஒல்லி உருவமாக. அந்த மனிதர்தான் நாங்கள் தலையாட்டிக்கொண்டிருந்த மெட்டின் தகப்பன் என்பது எனக்குத் தெரியாது, திடலில் இருந்த ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

பாட்டுப் பதிவு ஹாலிவுட்டில் ரேடியோ ரெக்கார்டர்ஸ் என்ற ஸ்டுடியோவில், ஏப்ரல் கடைசியில் தொடங்கியது. பதிவுக்கு முன்னால், தனக்குப் பின்பாட்டுப் பாடிய ஜார்டனேர்ஸ் குழுவினரோடு தேவாலயப் பாட்டுகளைப் பாடிக் குரலைப் பதப்படுத்திக்கொள்வது எல்விஸின் வழக்கம். லீபரும் ஸ்டாலரும் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையிலேயே ஊறி வளர்ந்தவர்கள். இந்த வெள்ளைக்காரப் பையனுக்கு அதில் என்ன தெரியும் என்ற எண்ணத்தோடு போனவர்கள், அவருக்குத் தெரிந்திருந்ததைப் பார்த்து வியந்து நின்றார்கள்.

அந்தப் பதிவு நாட்களில் நடந்த ஒரு சம்பவம் என் நெஞ்சை விட்டுப் போவதில்லை. பில் பிளாக் எல்விஸோடு ஆரம்பத்திலிருந்தே இருந்தவர், ஆளுயர பேஸ் வாத்தியத்தை அணைத்துக்கொண்டு வாசிப்பவர். அப்போதுதான் புதிதாக வந்திருந்த எலெக்ட்ரிக் பேஸை அவர் கையில் கொடுத்திருந்தார்கள். ‘பேபி ஐ டோன்ட் கேர்’ பாட்டின் தொடக்கம் அதில்தான் வர வேண்டும். திரும்பத் திரும்ப வாசித்தும் விரலுக்கு அது பிடிபடவில்லை. கோபத்தில் வாத்தியத்தைத் தரையில் வீசிவிட்டு அவர் வெளியே போனார். அறையில் இருந்தவர்கள் மூச்சுக்காட்டாமல் நிற்க, எல்விஸ் அதை எடுத்து, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அந்தத் தொடக்கத்தைத் தானே வாசித்தார். இசைத்தட்டில் இன்றும் கேட்பது அவர் விரல்தான்.

எல்லோரும் இதை எல்விஸின் சாமர்த்தியத்துக்காகச் சொல்வார்கள். என் மனம் வெளியே போன பில் பிளாக்கின் பின்னாலேயே போகிறது. எங்கள் ஊரில் நீராவி எஞ்சின் போய் டீசல் வந்த வருஷங்களில் அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷம் பாய்லர் தகட்டைத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே எங்கே விரிசல் என்று சொல்லத் தெரிந்தவர்கள், புதிய எஞ்சினின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். டீசல் நல்ல வண்டி, கரி கிடையாது, புகை குறைவு, வேகம் அதிகம். ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்பா மட்டும் அந்த வருஷம் முழுக்க வீட்டில் அதிகம் பேசவில்லை.

சிறைச்சாலை நடனத்தை, கல்வர் சிட்டியில் எம்.ஜி.எம். ஸ்டுடியோவில், இரண்டு அடுக்காக இரும்புக் கம்பி அறைகள் கட்டி எடுத்தார்கள். கதைப்படி அது தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகப் போட்ட மேடை. நடன இயக்குநர் அலெக்ஸ் ரொமேரோ முதலில் பிரெட் அஸ்டேர், ஜீன் கெல்லி வழியில் அடவுகள் அமைத்துக் காட்டினார். எல்விஸ் முயன்று பார்த்தார், உடம்பில் உட்காரவில்லை. ரொமேரோ பெரிய மனிதர். உனக்கு வரவில்லை என்று அவர் சொல்லவில்லை; நீ மேடையில் செய்வதை எனக்குச் செய்து காட்டு என்று எல்விஸின் இசைத்தட்டுகளையே போடச்சொன்னார். பார்த்துக்கொண்டார், வீட்டுக்குப் போனார், அந்த இடுப்பு அசைவையும் கால் உதறலையும் வைத்தே முழு நடனத்தையும் மாற்றி அமைத்துக்கொண்டு வந்தார். கற்றுக்கொடுக்க வந்தவர் மாணவனிடமிருந்து எடுத்து மாணவனுக்கே திருப்பிக் கொடுத்தது அது. உலகம் அதை எல்விஸ் தானாக ஆடியது என்றே வெகுகாலம் சொன்னது.

மே நடுவில் முதலில் எடுத்ததே அந்த நடனம்தான். ஆடும்போது எல்விஸின் பல் மேலுறை ஒன்று கழன்றுவிட்டது. தரையெல்லாம் தேடினார்கள், கிடைக்கவில்லை. மூச்சு விட்டால் நெஞ்சில் ஏதோ விசில் அடிக்கிறது என்று எல்விஸ் சொன்னார். அது நுரையீரலுக்குள் போயிருந்தது. சீடர்ஸ் ஆஃப் லெபனான் மருத்துவமனையில் தொண்டை வழியாகக் கருவியை இறக்கி, குரல்நாண்களுக்கு நடுவே நுழைந்து எடுக்க வேண்டியதாயிற்று. சில நாள் குரல் கம்மியிருந்தது. இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் படத்தின் கதையே அதுதான். வின்ஸ் எவரெட் என்ற வேலையாள், ஒரு பெண்ணுக்காகச் சண்டைக்குப் போய், அடித்தவன் செத்துவிட, சிறைக்குப் போகிறான். அங்கே ஹங்க் என்ற பழைய பாடகனிடம் கிட்டார் கற்கிறான். வெளியே வந்து புகழும் பணமும் சேர்ந்தபிறகு தலைக்கனம் ஏறுகிறது. கடைசியில் அதே ஹங்க்கிடம் தொண்டையில் குத்து வாங்கி, ஆபரேஷன் மேஜையில் படுக்கிறான். குரல் திரும்புமா என்பதுதான் படத்தின் கடைசிக் கேள்வி. அந்தக் காட்சிகளை நடித்தவரின் தொண்டைக்குள் நிஜமாகவே ஒரு டாக்டரின் கருவி போய்வந்திருந்தது.

அந்தத் தலைக்கனக் கதைக்குள் இன்னொரு வலியும் இருக்கிறது. சிறையில் ஹங்க்குக்குப் பாதிப் பங்கு என்று எழுதிக் கொடுத்த வின்ஸ், பணக்காரனானதும் பத்து சதவீதம்தான் தருவேன் என்கிறான். படத்தில் எல்விஸுக்குப் பின்னால் வாத்தியத்தோடு நிற்பவர்கள் நிஜ வாழ்க்கையிலும் அவருடைய வாத்தியக்காரர்கள்: ஸ்காட்டி மூர், பில் பிளாக், ஃபான்டானா. சுற்றுப்பயணம் இல்லாத வாரத்தில் ஸ்காட்டிக்கும் பில்லுக்கும் சம்பளம் 100 டாலர். அந்த வருஷம் செப்டம்பரில், படம் திரைக்கு வருவதற்கு முன்பே, இருவரும் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். பிறகு நாள் சம்பளத்துக்குத் திரும்பி வந்தார்கள். நான் எல்விஸை நேசிப்பவன். இருந்தாலும் அந்தப் பத்து சதவீதக் காட்சி வரும்போது பின்னால் நிற்கிற மூன்று பேரின் ஞாபகம் வருவதை என்னால் தடுக்க முடியவில்லை.

சிறையில் முடி வெட்டுகிற காட்சியைப் பார்த்துத் திடலே ‘ச்சூ’ கொட்டியது. காலனிப் பையன்கள் பிரில்கிரீமும் கிடைக்காதபோது தேங்காயெண்ணெயும் தடவி, அதே போல நெற்றியில் ஒரு சுருள் விட்டுக்கொண்டு திரிந்த காலம். அது விக் என்பது பிறகுதான் தெரிந்தது. நிஜமாக அவர் முடி போனது 1958 மார்ச்சில், ராணுவத்தில் சேர்ந்த மறுநாள்.

படத்தின் முதல் காட்சி 1957 அக்டோபர் 17-இல் மெம்ஃபிஸ் நகரின் லோவ்ஸ் ஸ்டேட் தியேட்டரில் நடந்தது. பள்ளிக்கூட நாட்களில் எல்விஸ் சீருடை போட்டுக்கொண்டு, டார்ச் பிடித்து ஜனங்களுக்கு இடம் காட்டுகிற வேலை பார்த்த தியேட்டர் அது. ஒரு கைகலப்பால் அந்த வேலை போயிற்று. அதே தியேட்டரில் அவர் படம். ஆனால் எல்விஸுக்கு அந்தப் படத்தை உட்கார்ந்து பார்க்க மனம் வரவில்லை என்று சொல்வார்கள். காரணத்துக்கு வருகிறேன்.

பொன்மலையில் படம் முடியவில்லை. வின்ஸ் தொண்டையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான், பக்கத்தில் கதாநாயகி பெக்கி நிற்கிறாள், கரண்ட் போயிற்று. திடல் இருட்டில் மூழ்கியது. வேர்க்கடலைக்காரரின் காடா விளக்கு மட்டும் ஓரத்தில் எரிந்தது. அரைமணி உட்கார்ந்திருந்தோம், நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு. குழந்தைகள் மடியில் தூங்கிவிட்டன. யாரோ அந்த ஜெயில் பாட்டின் அடியைக் கட்டை மேல் தட்டினார்கள், இன்னொருவர் சேர்ந்துகொண்டார், கொஞ்ச நேரத்தில் திடல் முழுக்க அந்த அடி. பிறகு துணியைச் சுருட்டிவிட்டார்கள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. குரல் வந்ததா இல்லையா? ஆன்ட்டியிடம் கேட்டேன். “இங்கிலீஷ் படத்துல கடைசில எல்லாம் சரியாயிரும் மேன்” என்றார். அது எனக்குப் போதவில்லை. பெக்கியாக வந்த ஜூடி டைலருக்கு எழுதிக் கேட்பது என்று முடிவுசெய்தேன். எல்விஸுக்கு ஆயிரம் பேர் எழுதுவார்கள், இவருக்கு அத்தனை கடிதம் வராது, பதில் போடுவார் என்று கணக்கு. அதுமட்டும் இல்லை. படத்தில் அவர்தான் வின்ஸை ஒலிப்பதிவுக்குக் கூட்டிப்போய், அவன் குரலை அவனுக்கே போட்டுக் கேட்கவைப்பார். பிறர் மாதிரிப் பாடாமல் தன் மாதிரிப் பாட அவனுக்கு அப்போதுதான் வழி பிறக்கும். அப்படிக் கேட்கத் தெரிந்த ஒருவர் என் கேள்வியையும் கேட்பார் என்று தோன்றியது. ஆன்ட்டி இங்கிலீஷைத் திருத்திக் கொடுத்தார். சேர்த்துவைத்த காசில் ஏர் லெட்டர் வாங்கி, ‘மிஸ் ஜூடி டைலர், ஹாலிவுட், அமெரிக்கா’ என்று எழுதிப் பெட்டியில் போட்டேன். அடுத்த மழைக்காலம் வரை தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடினேன். “இன்னைக்கும் இல்ல தம்பி” என்பார், ஏதோ அவர் தப்பு மாதிரி. அந்தக் காத்திருப்பு எனக்கு நல்ல பழக்கமாகவே இருந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு கதவு பாதி திறந்திருந்தது.

2005-இல், மகளின் பரீட்சை முடிவு பார்க்கத் தில்லைநகரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். மகள் மதிப்பெண்ணை எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மணிக்கணக்கில் கொடுத்த காசு மிச்சமிருந்தது. பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து, ஒரு விரலால் அந்தப் படத்தின் பெயரை அடித்தேன். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காக்க வேண்டிய படங்களின் பட்டியலில் 2004-இல் அதைச் சேர்த்திருந்தது. கீழே ஜூடி டைலர் பெயர். குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியான ‘ஹௌடி டூடி’யில் இளவரசியாக வந்தவர், பிராட்வேயில் ‘பைப் டிரீம்’ இசை நாடகத்தில் நடித்தவர். ‘ஜெயில்ஹவுஸ் ராக்’ படப்பிடிப்பு முடிந்து மூன்று வாரத்துக்குள், 1957 ஜூலை 3-இல், கணவரோடு காரில் போகும்போது வயோமிங்கில் நடந்த விபத்தில் இறந்தார். கணவரும் பிழைக்கவில்லை. வயது 24. படம் திரைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. எல்விஸ் படத்தைப் பார்க்க மறுத்ததற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

நான் கடிதம் எழுதியபோது அவர் போய் ஏழு வருஷம். ஊர் பேர் தெரியாத எல்லாச் செய்தியும் இப்போது இரண்டு நொடியில் வந்துவிடுகிறது, நல்லதுதான், அதில்தான் என் அப்பாவின் பட்டறை அடி சரி என்றும் தெரிந்தது. ஆனால் அந்த மதியம் தெருவுக்கு வந்து நின்றபோது, நாற்பது வருஷமாகப் பாதி திறந்திருந்த ஒரு கதவை யாரோ சாத்திவிட்டது போல இருந்தது. ஆன்ட்டி அப்போது ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளோடு இருந்து, அங்கேயே கண்ணை மூடியிருந்தார். சொல்ல ஆள் இல்லை.

சென்னைக்குப் போன நண்பர் ஒருவர் அந்த வருஷமே டிவிடி வாங்கிவந்தார். அன்றைக்குத்தான் எல்விஸைச் சரியான அகலத்தில் பார்த்தேன். இன்னொன்றையும் பார்த்தேன். திடலில் உட்கார்ந்திருந்தபோது இவர்கள் எல்லோரும் எனக்குப் பெரியவர்கள், அப்பா வயசு என்றுகூட நினைத்திருப்பேன். எல்விஸுக்கு அப்போது 22. லீபருக்கும் ஸ்டாலருக்கும் 24. ஸ்காட்டிக்கு 25. சோபாவைக் கதவுக்குக் குறுக்கே போட்டுப் பூட்டிவைத்தது இரண்டு பையன்களை. என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்கள் எல்லோரும். பயமும் ஆசையும் அந்த முகங்களில் அப்படியே எழுதியிருக்கிறது, நெருக்கிய படத்தில் எனக்கு அது தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக் காட்சி வந்ததும் என்னை அறியாமல் மின்விசிறியைப் பார்த்தேன், கரண்ட் இருக்கிறதா என்று. இருந்தது. ஆபரேஷன் முடிகிறது. தொண்டை ஆறிவிட்டது, இனிப் பாடலாம் என்கிறார்கள், வின்ஸுக்குப் பயம். பிறகு மெல்லத் தொடங்குகிறான். சிறையில் முதன்முதலாகப் பாடிய அதே ‘யங் அண்ட் பியூட்டிஃபுல்’. முதல் வரி தயங்கித் தயங்கி வருகிறது. கேமரா பெக்கியின் முகத்துக்குப் போகிறது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். குரல் வந்துவிட்டது என்பது முதலில் அந்த முகத்தில்தான் தெரிகிறது. நான் ஏர் லெட்டரில் கேட்டிருந்த கேள்விக்கு, 1957-லேயே, அவர் பதில் சொல்லி வைத்திருந்தார்.